மின்கட்டணச் சீட்டின் பின்பக்கம்

இந்த ஊரில் கோடை என்று தனியாக ஒன்றில்லை.
பள்ளிக்கூடம் பூட்டினால் கோடை.
அப்படிப் பார்த்தால் நாளை மறுநாள் தொடங்குகிறது,
இரண்டு வாரம்.

இரவு வேலை முடிந்து வந்து
சீருடைகூட மாற்றாமல்
மின்கட்டணச் சீட்டைத் திருப்பிப் போட்டேன்.
மேலே எழுதினேன்: அறுபது வெள்ளி.
அடிக்கோடு போட்டேன். இன்னொன்றும் போட்டேன்,
கோடு போட்டால் காசு கூடுமா என்ன.

மோஷிகா என் முழங்கையைத் தள்ளிக்கொண்டு வந்து
தண்ணீர்ப் பூங்கா என்று எழுதினாள்.
கோலாலம்பூர்ச் சித்தி வீட்டுப் பிள்ளைகள் போன இடம்.
நாலு பேருக்கு நுழைவுச்சீட்டு எவ்வளவென்று
கைப்பேசியில் பார்த்திருக்கிறாள்.
எழுதியவளே அடித்தாள்,
ஒரே கோடு, படிக்க முடிகிற மாதிரி.

நான் பேனாவை வாங்கிக்கொண்டேன்.

திங்கள்: ஃபெர்ரி.
தீவிலிருந்து பட்டர்வொர்த் போகக் காசில்லை,
திரும்பத்தான் காசு.
"அப்போ திரும்பாட்டி மிச்சமா?" என்றான் தர்வின்.
அவன் அப்பா லாரியோடு ஜொகூர் போயிருந்தார்.
உடனே சிரிக்க வரவில்லை. பிறகு சிரித்தேன்.

புதன்: தண்ணீர்மலைப் பக்கத்துப் பூங்கா.
எலுமிச்சைச் சோறு, இறுக மூடிய டப்பாவில்.
பிளாஸ்டிக் பை கூடவே கூடாது,
அந்தச் சரசரப்பு குரங்குகளுக்குத் தாய்மொழி.

வெள்ளி: கடற்கரைத் திடலில் பட்டம்,
பழைய நாட்காட்டித் தாளில்.
ஐஸ் கச்சாங் ஒன்று, கரண்டி நாலு.

மிச்ச நாள்களுக்கு நேரே
'பார்க்கலாம்' என்று எழுதினேன்.
"பார்க்கலாம்னா இல்லைன்னு அர்த்தம்"
தம்பிக்கு மொழிபெயர்த்தாள் மோஷிகா.

ஃபெர்ரி நன்றாகத்தான் போனது.
புதன் மழை கொட்டியது.
கூடத்தில் பாய் விரித்துச் சோற்றைத் தின்றோம்,
குரங்கு வேலையைத் தர்வின் பார்த்துக்கொண்டான்.
வெள்ளிக்கிழமை காற்றுக்கு லீவு போல.
தீபாவளி மாதத் தாள் புல்லோடு புல்லாய் இழுபட்டு வந்தது.

இரண்டாம் வாரம் செவ்வாய், மின்தூக்கி நின்றுவிட்டது.
வீடு பதினான்காம் மாடி. கையில் அரிசி ஐந்து கிலோ.
நான்காம் மாடியில் மூட்டையை இறக்கி வைத்து
நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.
மேலிருந்து ஒரு குரல்: "கடவுச்சீட்டு எங்கே?"

தர்வினும் ஹஃபீஸும் சியூ லிங்கும்
மாடிக்கொரு நாடு பிரித்திருந்தார்கள்.
ஐந்தில் குனிந்து வணங்கினால்தான் வழி.
ஏழு பனிநாடு,
சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தாலும்
பல் நடுங்கியே ஏற வேண்டும்.
ஒன்பதில் ஹஃபீஸின் அம்மா
ஆளுக்கொரு கோப்பை ரோஜா சிராப்பை நீட்டினாள்,
சுங்கவரி நாங்கள் கட்டவில்லை, அவள் கட்டினாள்.
பதினொன்றில் மூச்சு வாங்க உட்கார்ந்த மிஸ்டர் ஓங்
எழுந்திருப்பதற்குள் அந்நாட்டு அரசரானார்.
"சின்னப்பிள்ளை விளையாட்டு" என்ற மோஷிகா
சாயங்காலம் பழைய நோட்டைக் கிழித்து
விசா எழுதிக்கொண்டிருந்தாள்.
எனக்கு மூன்று நாள்தான் கொடுத்தாள்.
"அரிசி கொண்டு வந்தா நீட்டிக்கலாம்."

வியாழன் பழுது பார்க்க வந்தவரை
பிள்ளைகள் படையெடுத்து வந்தவரைப் போலப் பார்த்தார்கள்.
என் முழங்காலுக்கு வேறு கருத்து.

கடைசி நாள் கட்டணம் கட்டப் போனேன்.
வரிசையில் நின்று சீட்டைத் திருப்பினால்
'பார்க்கலாம்' இருந்த இடத்தில் பென்சில் எழுத்து:
பதினான்கு நாடு, பூஜ்ஜியம் வெள்ளி.
மேலே, அடித்திருந்த தண்ணீர்ப் பூங்காவுக்குப் பக்கத்தில்
பொடி எழுத்தில்: அடுத்த வருசம்?

முகப்பிலிருந்த பெண் முன்பக்கத்தை மட்டும் பார்த்து
முத்திரை குத்தித் திருப்பித் தந்தாள்.
மடித்துப் பைக்குள் வைத்தேன்.
மிச்சம் பதினோரு வெள்ளி நாற்பது காசு.
அந்தக் கேள்விக்குறிக்குப் பக்கத்தில்
இன்னும் நான் ஒன்றும் எழுதவில்லை.